புதுத் தரை போடுமுன் கான்கிரீட்டில் ஓதம்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் முறை

சித்திரையில் பழைய தரையைப் பெயர்த்துப் பார்த்தால் கான்கிரீட் சுக்காகக் காய்ந்து கிடக்கும். நம்பி மேலே வினைல் ஒட்டுவார்கள், லேமினேட் போடுவார்கள். ஐப்பசியில் அது உப்பிக்கொண்டு எழும்பும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தரை வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் புகார் வருடா வருடம் வருவது.

இங்கே மழை ஆவணிக் கடைசியில் பிடித்து ஐப்பசி, கார்த்திகை வரை விட்டுவிட்டுப் பெய்யும். பல இடங்களில் சில அடி தோண்டினாலே பாறை தட்டும். இறங்குகிற தண்ணீர் பாறைமேல் தங்கி, சரிவு பார்த்துப் பக்கவாட்டில் நகர்ந்து, யார் வீட்டு அஸ்திவாரத்திலாவது போய் முட்டும். அதனால் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, ஈரம் எந்த மாதத்தில், எந்த நேரத்தில் தெரிகிறது என்றுதான். மழைக்குப் பிறகு மட்டும் என்றால் வெளித்தண்ணீர். கோடையிலும் மாறாமல் இருந்தால் குழாய், சம்ப், கழிவுநீர். விடியற்காலையில் மட்டும் என்றால் காற்றில் உள்ள ஈரம். கான்கிரீட் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை என்றால் அதனுடைய சொந்த ஈரமாகவே இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே எதைப் பூசினாலும் காசுதான் போகும்.

## எதற்கும் முன்னால்: பாலிதீன் ஒட்டிப் பாருங்கள்

செலவில்லாத சோதனை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். தரையில் பழைய பசை, பெயிண்ட், மெழுகு இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு நன்றாகப் பெருக்குங்கள். தண்ணீர் விட்டுக் கழுவக்கூடாது. கனமான, நிறமில்லாத பாலிதீனை ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் ஒட்டினால் போதாது. அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று. வெயில் விழும் இடம் வேண்டாம். அமெரிக்கத் தர அளவான ஏ.எஸ்.டி.எம். டி4263 குறைந்தது 16 மணி நேரம் விடச் சொல்கிறது. மூன்று நாள் விடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். மெதுவாக ஏறும் ஓதம் ஒரு ராத்திரியில் காட்டிக்கொடுக்காது.

பிரிக்கும்போது அவசரப்படாமல் ஒரு மூலையிலிருந்து தூக்குங்கள். ஷீட்டின் உள்பக்கம் பொடிப்பொடியாக நீர் கோத்திருக்கிறதா, அடியில் கான்கிரீட் சுற்றுப்புறத்தைவிடக் கருத்துச் சதுரமாக அச்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் ஈரம் கான்கிரீட்டுக்குள்ளிருந்தோ அதற்குக் கீழிருந்தோ வருகிறது. உள்பக்கம் காய்ந்து, மேல்பக்கம் மட்டும் துளி நின்றால் அது காற்றின் ஈரம். மூன்று ஷீட்டில் எது அதிகம் நனைந்தது என்பதையும் குறித்து வையுங்கள். தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதற்கு அதுவே துப்பு.

காய்ந்திருந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சோதனை தரையின் மேல்தோலைத்தான் பார்க்கிறது. பங்குனியில் காய்ந்த தரை புரட்டாசியிலும் காய்ந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவகாசம் இருந்தால் மழை மாதத்தில் சோதித்து, மாசி பங்குனியில் தரை போடுங்கள். தை மாதம் கிரகப்பிரவேசம் என்று நாள் குறித்துவிட்டு ஐப்பசியில் டைல்ஸ்காரரை விரட்டுவதால் வரும் கேடு கொஞ்சநஞ்சமல்ல.

## அறிகுறி: ஒரு சுவரோரம் மட்டும் கருத்துக் கிடக்கிறது, மழைக்குப் பிறகு அதிகமாகிறது

அதிகம் வருவது இதுதான். உள்ளே எதையும் தொடாமல், மழை பெய்துகொண்டிருக்கும்போதே வீட்டைச் சுற்றி ஒரு நடை போய் வாருங்கள்.

முதலில் மொட்டைமாடித் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். மழைநீர்க் குழாய் சுவரடியிலேயே முடிந்தால், மாடி முழுக்கப் பெய்த தண்ணீர் அந்த ஒரே இடத்தில் இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு பெண்ட், நாலைந்து அடிப் பைப் வாங்கிப் போட்டுத் தண்ணீரைத் தள்ளிவிடுங்கள். ஏ.சி. குழாய், வாஷிங் மெஷின் குழாய், துணி துவைக்கும் கல் எல்லாவற்றையும் அதே கண்ணோடு பாருங்கள். சுவரை ஒட்டிச் செடி வைத்துத் தினமும் தண்ணீர் விடுவதும் இதே கணக்கில்தான் வரும்.

அடுத்தது மண் மட்டம். மட்ட டியூபை (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து உள்தரை மட்டத்தை வெளிச்சுவரில் கோடு போடுங்கள். வெளியே மண் அந்தக் கோட்டுக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். பழைய வீடுகளில் இது பெரும்பாலும் இருக்காது. ரோட்டுமேல் ரோடாகப் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும். பக்கத்து மனைக்காரர் மண் கொட்டி மேடாக்கியிருப்பார். வாசலில் நாமே ஜல்லி கொட்டியிருப்போம். நம் பக்கத்து மண்ணை வெட்டி இறக்கி, சுவரிலிருந்து வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்து மூன்றடி அகலத்துக்குச் சுற்றிலும் கான்கிரீட் போடுங்கள். வாட்டம் பத்தடிக்கு 3 அங்குலம் என்ற கணக்கில் இருந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும்.

இத்தனையும் செய்த பிறகும், மழை விட்டு ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் அதே ஓரம் நனைந்துகொண்டே இருக்கிறதா? வீடு கரட்டோரமாகவோ சரிவை வெட்டிச் சமன் செய்த மனையிலோ இருக்கிறதா? அப்படியானால் அது பாறைமேல் நகர்ந்து வரும் ஊற்று. மேட்டுப் பக்கம், சுவரிலிருந்து சில அடி தள்ளி ஒரு குழி வெட்டிப் பாருங்கள். குழியின் மேட்டுப் பக்கத்து ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து வருவது கண்ணுக்குத் தெரியும். பரிகாரம் அந்தப் பக்கம் நெடுக வாய்க்கால் வெட்டி, துளைபோட்ட பி.வி.சி. பைப் படுக்கவைத்து, சுற்றிலும் ஜல்லி நிரப்பி, பள்ளத்துப் பக்கம் கொண்டுபோய் விடுவது. மண் புகுந்து அடைக்காமலிருக்க ஜல்லியைச் சுற்றி வடிதுணி கட்டாயம் வேண்டும். அஸ்திவாரத்தைவிட ஆழமாக வெட்ட வேண்டியிருந்தால் கொத்தனார் பேச்சை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முன்னதாக ஒரு சிவில் இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். கல் கட்டிய அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஆழக் குழி எடுத்தால் சுவரே இறங்கிவிடும்.

ஏரிக்கரையோரம் இருக்கிற வீடுகளுக்கு இன்னொரு விஷயம் உண்டு. ஏரி நிறையும்போது சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் ஏறுவதுபோல வீட்டுக்கடியிலும் ஏறும். அதை வாய்க்கால் வெட்டித் தடுக்க முடியாது. கீழே ‘அறை முழுக்க ஈரம்’ என்ற பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: குளியலறை, சமையலறைப் பக்கம் கோடையிலும் ஈரம்

இங்கே சந்தேகம் முழுக்கக் குழாய்மேல்தான். உடைக்க ஆரம்பிக்குமுன் மூன்று சோதனைகள் இருக்கின்றன. ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது கசிகிறது என்று பிடிபடாது.

நல்ல தண்ணீர்க் குழாய்: ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டு, மோட்டாரை நிறுத்திவிடுங்கள். வீட்டில் யாரும் குழாயைத் திறக்கக்கூடாது. கக்கூஸ் பிளஷ் தொட்டியின் வால்வையும் மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அதில் ஒழுகுவது கணக்கைக் கெடுக்கும். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ பைப் கசிகிறது. தொட்டியிலிருந்து இறங்கும் லைன்களின் வால்வை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தால் எந்த லைன் என்று தெரிந்துவிடும். இந்த இடத்தில் பிளம்பரைக் கூப்பிடுங்கள். பம்ப் வைத்து அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் கருவி அவரிடம் இருக்கும்.

கழிவுநீர்: குளியலறையில் தண்ணீர் வெளியேறும் ஜாலியைத் துணி சுற்றிய பந்தாலோ ரப்பர் மூடியாலோ அடைத்து, தரையில் ஓரங்குலத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். மட்டம் குறைந்தால் தரையோ ஜாலியைச் சுற்றிய இணைப்போ கசிகிறது. குறையவில்லை என்றால் அடைப்பை எடுத்துவிட்டு, பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி அடுத்த இரண்டு நாளில் ஈரம் பெருகுகிறதா என்று பாருங்கள். பெருகினால் ஜாலிக்குக் கீழே உள்ள பைப்பில்தான் கோளாறு. சிலர் சொட்டு நீலம் கலந்து ஊற்றுகிறார்கள். நீலம் வெளியே வந்தால் சந்தேகமே இல்லை. வராவிட்டால் கசிவில்லை என்று ஆகிவிடாது, ஏனென்றால் மண்ணும் கான்கிரீட்டும் நிறத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

சம்ப்: கீழ்த்தொட்டி வீட்டுக்குள்ளோ வாசலை ஒட்டியோ இருந்தால் அதை நிரப்பி, உள்ளே வரும் வால்வையும் மோட்டாரையும் நிறுத்தி, மூடி போட்டு ஒரு நாள் விடுங்கள். ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை இறங்கி அதோடு நின்றுவிட்டால் விரிசல் அந்த உயரத்தில் இருக்கிறது. சம்ப் காலியாக இருக்கும் நாட்களில் தரை காய்கிறது என்று வீட்டுக்காரர்களே சொல்வதை நிறைய முறை கேட்டிருக்கிறேன்.

குளியலறைத் தரை முழுக்கக் கசிகிறது என்றால் மேலே கெமிக்கல் ஊற்றி மூடும் வேலை நிற்காது. டைல்ஸைப் பெயர்த்து, வாட்டர் புரூஃப் பூச்சைச் சுவரில் ஓரடியாவது ஏற்றி அடித்து, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்ஸ் ஒட்ட வேண்டும்.

## அறிகுறி: அறை முழுக்க ஒரே சீராக ஈரம்

வீடு புதிது என்றால் பொறுமைதான் மருந்து. கான்கிரீட்டுக்கு நம் வெயிலில் 10 நாளாவது தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 456. இப்போது எல்லோரும் வாங்கும் பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமெண்டுக்கு 14 நாள். காயும் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. காற்றோட்டமாக இருந்தால் ஓரங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. 4 அங்குலக் கான்கிரீட்டுக்கு நாலு மாதம். ஜன்னலைச் சாத்தி வைத்தாலோ, மழைச்சாரல் உள்ளே அடித்தாலோ இன்னும் இழுக்கும். தரையில் தேக்கிய தண்ணீர், மணல் குவியல், ஈரச் சாக்கு எதுவும் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேன் போட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை. ஹீட்டர் வைத்து வேகமாகக் காயவைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் அப்படியே நிற்கும்.

வீடு பழையது என்றால் கான்கிரீட்டுக்கு அடியில் பாலிதீன் தடுப்பு இல்லை என்று அர்த்தம். இந்தப் பக்கம் பழைய கல் வீடுகளில் மண் நிரப்பி, ஜல்லி கெட்டித்து, மேலே சிமெண்ட் பால் தேய்த்து சிவப்புத் தரையோ கடப்பா கல்லோ போட்டிருப்பார்கள். கடப்பா கல் இணைப்புகள் வழியாக ஈரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததால் அப்போது ஒன்றும் தெரிந்திருக்காது. அதன்மேல் மூச்சுவிடாத வினைலைப் போட்டு மூடினால்தான் வினை.

இதற்கு இரண்டு வழி. செலவு குறைந்தது, தரையை மெஷின் வைத்துத் தேய்த்து, தூசியை வாக்யூம் வைத்து உறிஞ்சி, ஈரத் தடுப்பு எபாக்சி இரண்டு கோட் குறுக்கும் நெடுக்குமாக அடிப்பது. எந்த எபாக்சியாக இருந்தாலும் சரி என்று வாங்கிவிடாதீர்கள். ‘ஈரக் கான்கிரீட்டில் அடிக்கலாம்’ என்று டின்னில் போட்டிருக்க வேண்டும், எத்தனை விழுக்காடு ஈரம் வரை தாங்கும் என்றும் போட்டிருக்க வேண்டும். கான்கிரீட் பொரிந்து, காலால் தேய்த்தாலே மணல் உதிர்கிற தரையில் இது ஒட்டாது. தோலோடு உரிந்து வந்துவிடும்.

அப்படிப்பட்ட தரைக்கு இரண்டாவது வழிதான்: உடைத்தெடுத்து, மண்ணைக் கெட்டித்து, மேலே இரண்டங்குலம் மணல் பரப்பி, 250 மைக்ரான் பாலிதீன் விரித்துப் புதுக் கான்கிரீட் போடுவது. ஷீட்டோடு ஷீட் சேரும் இடத்தில் அரை அடி மேலேறிப் படிந்து டேப் ஒட்டியிருக்க வேண்டும். சுவரோரம் பெல்ட் (அஸ்திவாரத்துக்கு மேல் ஓடும் கான்கிரீட் பட்டை) வரை மேலே ஏற்றிவிட வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது மண்வெட்டியால் ஷீட்டைக் குத்திக் கிழிக்கிறார்களா என்று நின்று பாருங்கள். ஒரு கிழிசல் போதும். செலவு பெரிது, வீட்டைக் காலி செய்ய வேண்டும், கதவு உயரமும் மாறலாம். ஆனால் ஏரிக்கரை வீட்டுக்கு இதைத் தவிர நிலையான தீர்வு எனக்குத் தெரிந்து கிடையாது.

## அறிகுறி: தரையில் வெள்ளையாகப் பூக்கிறது

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல் பஞ்சு போல நனைந்து படிந்து, முகர்ந்தால் புழுங்கல் வாடை அடித்தால் பூஞ்சை. மாவு போலக் குழைந்து சேறானால் வெறும் சிமெண்ட் தூசி. அதாவது மேல்பூச்சு வலுவில்லை.

உப்பு என்றால் தண்ணீர் கான்கிரீட் வழியாக ஏறி வந்து, மேலே ஆவியாகி, கொண்டுவந்த உப்பை விட்டுவிட்டுப் போகிறது. போர்வெல்லில் உப்புத் தண்ணீர் எடுத்துக் கான்கிரீட் கலந்து, அதையே ஊற்றி ஆற்றிய வீடுகளில் முதல் வருடம் கொஞ்சம் பூத்து அடங்கிவிடுவதும் உண்டு. வித்தியாசம் கண்டுபிடிக்கக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு ஒரு மாதம் பாருங்கள். மறுபடி பூக்காவிட்டால் கவலையில்லை. அதே இடத்தில் பூத்தால் தண்ணீர் இன்னும் வருகிறது, மேலே சொன்ன பகுதிகளில் அதைத் தேடுங்கள்.

தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்த உப்பு திரும்ப உள்ளேயே போகும். ஆசிட் ஊற்றித் தேய்க்கிற பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது, வேண்டவே வேண்டாம். ஆசிட் கான்கிரீட்டின் மேல்தோலைத் தின்றுவிடும், கம்பிக்கும் ஆகாது, மூடிய அறையில் அந்தப் புகை நுரையீரலுக்குக் கேடு.

## அறிகுறி: விடியற்காலையில் தரை வேர்க்கிறது, பத்து மணிக்குக் காய்ந்துவிடுகிறது

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது சகஜம். ராத்திரி குளிரில் தரை சில்லிட்டுப்போய், காலையில் ஈரக்காற்று அதன்மேல் பட்டுத் துளியாகிறது. பாலிதீனில் மேல்பக்கம் மட்டும் நனையும். எதையும் உடைக்க வேண்டியதில்லை. மழை நாட்களில் காலை நேரம் ஜன்னலைச் சாத்தி வைத்து, வெயில் ஏறிய பிறகு திறங்கள். அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்துங்கள். தரை போடும் வேலையை மட்டும் மதியம் வைத்துக்கொள்ளுங்கள். வேர்த்த தரையில் பசை பிடிக்காது.

## அறிகுறி: பழைய டைல்ஸ் கூடாரம் போல எழும்பி நிற்கிறது

எல்லோரும் ஓதம் என்றுதான் சொல்வார்கள். பல நேரம் அது இல்லை. சுவரோரம் இடைவெளி விடாமல் இறுக்கி ஒட்டிய டைல்ஸ், வெயிலில் விரிந்து ஒன்றையொன்று தள்ளி, நடுவில் எழும்பிவிடும். எழும்பிய டைலின் அடியைப் பாருங்கள். கலவை காய்ந்து, டைல் சுத்தமாக விடுபட்டிருந்தால் விரிவுதான் காரணம். கலவை நசநசவென்று ஈரமாக இருந்தால் ஓதம். அந்தக் கலவைப் படுக்கை ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைக்கும் என்பதால் முழுக்க அள்ளி வெளியே போட்டுவிட்டுத்தான் கான்கிரீட்டைச் சோதிக்க வேண்டும்.

## மாடித் தரையில் ஈரம்

மண்ணிலிருந்து ஏற வழியே இல்லை. குழாய், குளியலறை, அல்லது பால்கனிப் பக்கத்துத் தண்ணீர், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

## கை வைக்காமல் ஆளைக் கூப்பிட வேண்டிய இடங்கள்

ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றால் சுர்ரென்கிறதா? மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தரைக்குள் போன வயர் நனைந்திருக்கலாம். அவர் சரி செய்யும்வரை குழந்தைகள் அந்த அறைக்குள் போகக்கூடாது.

கழிவு வாடை அடித்தால் செப்டிக் டேங்கையோ அதற்குப் போகும் பைப்பையோ சந்தேகப்படுங்கள். கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு உறிஞ்சி எடுத்த பிறகே சோதனை. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் வாயு சில நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.

துருப்பிடித்த கறை தரையில் தெரிகிறது, விரிசல் நீண்டுகொண்டே போகிறது, தரை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்றால் இன்ஜினியர். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

## காய்ந்த பிறகு எந்தத் தரை?

டைல்ஸுக்குச் சிமெண்ட் பசை கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். பாலிதீன் சோதனை தேறினால் போதும். நம் ஊர் கிரானைட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, வெளிர் நிறக் கல்லில் அடியீரம் ஓரங்களில் கருப்புத் திட்டாகத் தெரியும், பாலிஷ் போட்டாலும் போகாது. வினைல், லேமினேட், மரம் மூன்றுக்கும் பாலிதீன் சோதனை மட்டும் போதாது. கான்கிரீட்டில் துளை போட்டு உள்ளீரம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்2170 முறைப்படி, மேல்பக்கம் மட்டும் காயும் தரையில் கனத்தில் 40 விழுக்காடு ஆழத்தில் அளக்க வேண்டும். 4 அங்குலத் தரைக்கு அது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். துளை போட்ட உடனே படிக்கும் அளவு செல்லாது, ஒரு நாளாவது மூடி வைத்துப் படிக்க வேண்டும். மீட்டர் காட்டுவது துளைக்குள் உள்ள காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம்; தாங்கும் வரம்பு பெரும்பாலும் 75 முதல் 85 விழுக்காட்டுக்குள் இருக்கும். நீங்கள் வாங்கும் சரக்கின் அட்டையில் போட்டிருப்பதே கணக்கு. அளந்த எண்ணையும் தேதியையும் எழுதி, தரை போடுகிறவரிடம் கையெழுத்து வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் கடைக்காரரிடம் வாரண்டி பேசுவது கஷ்டம்.